மதுரையில் பிறந்த கணிதப் பேராசான் அகஸ்டஸ் டி மார்கன்

மதுரை என்றவுடன் அங்கயற்கண்ணி திருக்கோயிலும் வைகைக் கரையும் சங்கப் புலவரும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. கணிதம் என்றவுடன் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் நினைவிற்கு வருதலும் இயல்பே. அவ்விராமானுஜன் பிறப்பதற்கு எண்பத்தோர் ஆண்டுகள் முன்னர், 1806-ஆம் ஆண்டு சூன் திங்கள் 27-ஆம் நாள், மதுரை மாநகரில் உலகறிந்த கணிதப் பேராசிரியர் ஒருவர் பிறந்தார் என்பதை நம்மவருள் சிலரே அறிவர். அவர் தமிழரல்லர், ஆங்கிலேயர். பெயர் அகஸ்டஸ் டி மார்கன். நம் காலனியில் பதினோராம் வகுப்பில் கணினியியல் பயிலும் பிள்ளைகளுக்கு இப்பெயர் புதிதன்று. டி மார்கன் தேற்றம் என்று புத்தகத்தில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் பெறுகின்றனர். அத்தேற்றத்திற்கு உரியவர் நம் மதுரையில் கண் விழித்தவர் என்பது அவர்களுக்கும் தெரியாது. யாமும் அண்மையிற்றான் அறிந்தோம்.

கண் விழித்தவர் என்றோம். அச்சொல் ஈண்டு சற்று வருத்தம் தருவது. பிறந்த சிறிது காலத்திலேயே அக்குழந்தையின் வலக்கண் பார்வை போயிற்று. தந்தையார் ஜான் டி மார்கன், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. மகன் பிறந்த பதின்மூன்றாம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது என்றால் அக்காலத்தின் நிலையை ஒருவாறு உணரலாம். குழந்தைக்கு ஏழு திங்கள் நிரம்பியபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிற்று. அதன்பின் டி மார்கன் இந்திய மண்ணை மிதித்ததில்லை. எனவே அவரை மதுரைக்காரர் என்று உரிமை கொண்டாட யாம் முற்படவில்லை. ஆயினும் அவர் தந்தையும் பாட்டனாரும் இந்தியாவிற் பிறந்தவர்களாதலின், தாம் ஆங்கிலேயரோ ஸ்காட்லாந்தினரோ அயர்லாந்தினரோ அல்லர், எதனோடும் ஒட்டாத ஒரு பிரிட்டானியர் என்று அவரே வேடிக்கையாகக் கூறிக்கொள்வதுண்டாம். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வேடிக்கையின் பொருள் விளக்காமலே விளங்கும்.

தாயார் எலிசபெத்தின் முன்னோர் ஒருவர் ஜேம்ஸ் டாட்சன் என்பவர். 1742-இல் எதிர்மடக்கை அட்டவணையைக் கணித்து வெளியிட்டவர். பள்ளியில் மடக்கைப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் அவ்வுழைப்பின் அளவை அறிவார்கள். ஆனால் அப்பெரியார் கணித வாத்தியாராக இருந்து வயிறு வளர்த்தவர் என்பதால் உறவினர் அவரைப் பற்றி வாய் திறக்கவே தயங்கினராம். வாத்தியார் தொழிலைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு போலும்.

பத்து வயதில் தந்தையை இழந்தார். 1816-இல், இந்தியாவிலிருந்து திரும்பும் கடற்பயணத்திலேயே அவர் காலமானார். பள்ளியில் ஒற்றைக் கண்ணன் என்று பிற மாணவர் செய்த கொடுமைகள் பல. விளையாட்டில் சேரார், ஓரமாக அமர்ந்திருப்பார். பதினான்கு வயது வரை அவரிடம் கணிதத் திறன் இருந்ததாக ஒருவரும் கருதவில்லை. ஒருநாள் குடும்ப நண்பர் ஒருவர், சிறுவன் அளவுகோலும் கவராயமும் கொண்டு யூக்ளிடின் படமொன்றை மிகுந்த அக்கறையுடன் வரைந்துகொண்டிருத்தலைக் கண்டார். படம் அழகாயிருந்தது, ஆனால் அது எதற்காக வரையப்படுகின்றது என்பது சிறுவனுக்குத் தெரியவில்லை. நிறுவுதல் என்றால் என்ன என்பதை நண்பர் எடுத்துரைத்தார். அன்று பற்றிய தீ பின்னர் அணையவேயில்லை. நம் பிள்ளைகளும் எத்தனையோ படங்களை எதற்கென்று அறியாமல் வரைந்துகொண்டிருக்கிறார்கள். அந்நண்பரைப் போன்ற ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பது தான் அரிது.

1823-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்தார். பாடத்திற்கு வேண்டாத நூல்களையெல்லாம் படித்தார், புல்லாங்குழல் வாசித்தார். 1827-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் ராங்ளராகத் தேறினார். பூனா பெர்குசன் கல்லூரியின் ராங்ளர் பராஞ்சபேயை அறிந்தவர்க்கு இப்பட்டத்தின் பெருமை தெரியும். முதலிடம் பெற்றிருக்க வேண்டியவர் என்று ஆசிரியர்கள் எண்ணினர். தேர்வுக்கென்று மட்டும் படிக்கும் பழக்கம் அவரிடம் இல்லாமற் போயிற்று.

இனி நிகழ்ந்ததே யாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி. பி.ஏ. பட்டம் கைக்கு வந்துவிட்டது. எம்.ஏ. பட்டம் பெற அந்நாளில் கேம்பிரிட்ஜில் தனித் தேர்வு கிடையாது. சில ஆண்டுகள் கழிய வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக்கொள்வதாகக் கையொப்பமிட வேண்டும். அவ்வளவே. அக்கையொப்பம் இட்டால் எம்.ஏ.; அதன்பின் கல்லூரியில் ஆய்வாளர் பதவி; வாழ்நாள் முழுதும் உணவும் உறையுளும் ஊதியமும். இடாவிட்டால் ஒன்றுமில்லை. டி மார்கன் அத்திருச்சபையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது அன்னையின் ஆசை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையொப்பம் இட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். எத்தனையோ பேர் அவ்வாறே இட்டனர். அவர் மறுத்தார். ஒருவன் கணிதம் கற்பிக்கத் தகுதியுடையவனா என்பதற்கும் அவன் எக்கடவுட் கொள்கையை ஏற்கிறான் என்பதற்கும் யாதொரு தொடர்புமில்லை என்பது அவர் துணிபு. ஆகவே அவர் இறுதி வரை வெறும் பி.ஏ.வாகவே வாழ்ந்தார்.

பணிப்பதிவேட்டில் கல்வித் தகுதி என்னும் கட்டத்தில் மெட்ரிக் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்பெழுதும் எம்மனோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கிறது. ஒரு சான்றிதழ் குறைந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் எங்கே போய் நிற்கும் என்பதை யாம் அறிவோம். கைக்கு எட்டிய பட்டத்தைத் தாமே வேண்டாவென்று தள்ளுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

வேறு வழியின்றிச் சட்டம் பயில இலண்டன் சென்றார். அவர் நற்பேறாக அவ்வேளையில் இலண்டனில் ஒரு புதிய பல்கலைக்கழகம் தோன்றியது. மாணவரிடமோ ஆசிரியரிடமோ சமயச் சோதனை எதுவும் செய்யாதது அது. 1828-இல் அதன் முதற் கணிதப் பேராசிரியராக டி மார்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. சொந்தமாக நூலொன்றும் வெளியிட்டிருக்கவில்லை. அந்நிறுவனமே பின்னர் இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் எனப் பெயர் பெற்றது.

மூன்றாண்டுகள் சென்றன. உடற்கூற்றுப் பேராசிரியர் ஒருவரை நிர்வாகக் குழுவினர் காரணம் கூறாமல் விலக்கினர். டி மார்கனுக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும் ஓர் ஆசிரியரைக் காரணமின்றி நீக்கும் இடத்தில் எந்த ஆசிரியருக்கும் மதிப்பில்லை என்று கூறி, 1831-இல் பதவியைத் துறந்தார். ஐந்தாண்டுகள் தனி மாணவர்க்குக் கற்பித்தும், ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கணக்கிட்டுக் கொடுத்தும், கலைக்களஞ்சியத்திற்குக் கட்டுரை எழுதியும் காலந்தள்ளினார். பென்னி சைக்ளோபீடியா என்னும் மலிவு விலைக் களஞ்சியத்திற்கு அவர் எழுதிய கட்டுரைகள் எழுநூறுக்கு மேற்பட்டன. தொழிலாளரும் வாங்கிப் படிக்கத்தக்க நூல் அது. கணிதத் தொகுத்தறிமுறைக்கு ஆங்கிலத்தில் இன்றுள்ள பெயர் 1838-இல் அவர் அதில் எழுதிய ஒரு கட்டுரையால் நிலைபெற்றது. 1836-இல் அவருக்குப்பின் வந்த பேராசிரியர் நீரில் மூழ்கி இறக்கவே, கல்லூரி அவரை மீண்டும் அழைத்தது. சென்றார், முப்பதாண்டுகள் இருந்தார்.

அவர் கற்பித்த முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஒவ்வொரு விரிவுரையின் முடிவிலும் அன்றைய பொருளையொட்டிச் சில கணக்குகளைக் கொடுப்பார். மாணவர் செய்து கொணர்தல் வேண்டும். அவற்றையெல்லாம் தம் கையாலேயே திருத்தி, அடுத்த விரிவுரைக்கு முன் திருப்பித் தருவார். பேராசிரியரின் வருவாய் பெரும்பாலும் மாணவர் செலுத்தும் கட்டணத்தைப் பொறுத்திருந்த காலம் அது. எத்துணைப் பேர் சேர்ந்தாலும் திருத்துவதில் குறை வைத்ததில்லை. தேர்வுக்காக மனப்பாடம் செய்தலை அவர் அறவே வெறுத்தார். அடிப்படைக் கொள்கை ஒன்றை முற்ற உணர்ந்தவன், பாதி உணர்ந்த விதிகளைக் கொண்டு நூறு கணக்குகளை விரைந்து செய்பவனினும் மேலானவன் என்பது அவர் கருத்து. ஈண்டொரு முரணைக் கூறாமல் இருக்க முடியவில்லை. கல்லூரிகள் கற்பிக்க, பல்கலைக்கழகம் தேர்வு மட்டும் நடத்தும் இலண்டன் முறையைப் பின்பற்றியே 1857-இல் சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் அமைக்கப்பட்டன. அம்முறையின் தலைநகரில் இருந்துகொண்டே தேர்வுக்கென்று பயிற்றுதலை எதிர்த்தவர் டி மார்கன். நம் நாட்டிற்குத் தேர்வு வந்து சேர்ந்தது. டி மார்கனின் எதிர்ப்பு வந்து சேரவில்லை.

அவரிடம் பயின்றோர் பலர். நம் முன்னோர் பள்ளியில் கட்டியழுத இயற்கணித, வடிவியல் நூல்களின் ஆசிரியர் டாட்ஹன்ட்டர் அவர்களுள் ஒருவர். சில்வெஸ்டர் மற்றொருவர். கவி பைரனின் மகள் ஏடா லவ்லேஸ் சீமாட்டிக்கு 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடித வாயிலாக நுண்கணிதம் கற்பித்தவரும் இவரே. அந்நாளில் பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறக்கவில்லை. அச்சீமாட்டி 1843-இல் பாபேஜின் பகுப்புப் பொறியைப் பற்றி எழுதிய குறிப்புகள், எந்திரத்திற்குக் கட்டளை எழுதும் கலையின் தொடக்கமாக இன்று போற்றப்படுகின்றன. இவ்வளவு கற்பித்த ஆசிரியர், இத்துணை ஆழ்ந்த கணிதம் பெண்ணின் உடல்நலத்தைக் கெடுக்குமோ என்று அன்னையாருக்கு எழுதியும் வைத்தார். அவ்வகையில் அவரும் தம் காலத்தவரே.

தேற்றத்திற்கு வருவோம். 1847-இல் அவர் தருக்கவியல் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டு ஜார்ஜ் பூல் என்பவரும் தருக்கத்தைக் கணிதமாக்கும் சிறு நூலொன்றை வெளியிட்டார். இருவரும் ஒரே வழியில் நடந்தனர். ஆனால் பகைமை தோன்றவில்லை. பூல் கல்லூரிப் படியே மிதியாதவர், தாமே கற்றவர். அயர்லாந்திலுள்ள கார்க் நகரக் கல்லூரிக்குப் பேராசிரியர் வேண்டுமென்றபோது, பட்டமில்லாத அவருக்காகப் பரிந்து சான்று எழுதியவர்களுள் டி மார்கனும் ஒருவர். 1849-இல் பூல் பேராசிரியரானார்.

டி மார்கன் விதிகள் இரண்டு. இல்லத்தரசியரும் எளிதில் உணர எம் துறையிலிருந்தே எடுத்துக்காட்டுத் தருவோம். ஒரு சிக்னல் பச்சை காட்ட வேண்டுமாயின் பாயிண்ட் சரியாகப் பொருந்தியிருத்தலும் வேண்டும், பாதை காலியாயிருத்தலும் வேண்டும் என்க. பச்சை காட்டாது எப்போது? பாயிண்ட் பொருந்தாதபோது, அல்லது பாதை காலியில்லாதபோது. இனி, டிக்கெட்டோ பாஸோ வைத்திருப்பவர் நடைமேடைக்குள் செல்லலாம் என்பது விதி. செல்லலாகாதவர் யார்? டிக்கெட்டும் இல்லாதவர், பாஸும் இல்லாதவர். ஆக, மறுப்புச் சொல் உள்ளே நுழைந்தால் உம்மை அல்லதாகும், அல்லது உம்மையாகும். இவ்வளவு தானா என்று கேட்கலாம். இடைக்காலத் தருக்க நூலோரும் இதனைச் சொல்லளவில் அறிந்திருந்தனர். டி மார்கன் அதைக் குறியீட்டில் கணக்குப் போலாக்கினார். தொண்ணூறாண்டுகள் கழித்து, 1937-இல், கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க மாணவர், மின் ரிலேக்கள் திறந்து மூடுதலைப் பூலின் இயற்கணிதத்தாலேயே கணக்கிடலாம் என்று காட்டினார். கணினியின் உள்ளே உள்ள கோடிக்கணக்கான வாயில்களை ஒருவகையிலிருந்து மற்றொருவகைக்கு மாற்றியமைக்கப் பொறியியலார் டி மார்கன் விதிகளையே கையாளுகின்றனர். ரிலே கொண்டு இயங்கும் நம் சிக்னல் அறைகளிலும் அதே தருக்கம். டி மார்கனின் மாணவர் ஸ்டான்லி ஜெவன்ஸ், பியானோவைப் போல் கட்டை வைத்து அழுத்தினால் தருக்க முடிபு தரும் எந்திரமொன்றைச் செய்து 1870-இல் ராயல் சொசைட்டியாரிடம் காட்டினார். ஆசிரியர் உயிருடனிருந்த காலத்திலேயே அது நிகழ்ந்தது.

மற்றொரு மாணவர் 1852 அக்டோபர் 23-ஆம் நாள் வந்து ஓர் ஐயம் கேட்டார். எந்த நாட்டுப் படத்திலும் அடுத்தடுத்த பகுதிகள் ஒரே நிறமாகாதபடி தீட்ட நான்கு வண்ணங்கள் போதும் என்று தம் தமையனார் கருதுகிறார், காரணம் என்ன? டி மார்கனுக்கு விடை தெரியவில்லை. தெரியாதென்பதை மறைக்கவுமில்லை, அன்றே அயர்லாந்தின் பெருங்கணிதர் ஹாமில்டனுக்கு எழுதினார். அவரும் கைவிரித்தார். அவ்வினாவுக்கு 1976-இல் அமெரிக்காவில் ஆப்பெல், ஹேக்கன் என்னும் இருவர் கணினியின் துணைகொண்டு விடை கண்டனர். வீட்டில் ஒரு வரைபடமும் நான்கு வண்ணப் பென்சில்களும் இருப்பின் குழந்தைகள் தாமே முயன்று பார்க்கலாம்.

குழந்தைகளுக்கு இன்னொன்று. தம் வயதைக் கேட்டவர்க்கு, ஓர் எண்ணின் வர்க்கமான ஆண்டில் தமக்கு வயது அவ்வெண்ணே என்று விடுகதை போடுவார் டி மார்கன். 43-இன் வர்க்கம் 1849. அவ்வாண்டு அவருக்கு 43. நம் சங்கத்து உறுப்பினருள் 1980-இற் பிறந்தோர்க்கு அதே பெருமை 2025-இல் வாய்த்தது. எப்படி என்பதைப் பிள்ளைகளே கண்டுரைக்க.

நாம் வாழும் இவ்வடபுலத்திற்கும் அவருக்கும் ஒரு தொடர்புண்டு. பானிப்பட்டில் பிறந்து தில்லிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் இராமசந்திரர். உயர் கணிதத்தைத் தாமே கற்றவர். பெருமம் சிறுமம் காணும் கணக்குகளை நுண்கணிதமின்றி இயற்கணிதத்தாலேயே செய்யும் வழியை எழுதி 1850-இல் கல்கத்தாவில் அச்சிட்டார். இங்குள்ளோர் பெரிதும் பொருட்படுத்தவில்லை. பிரதியொன்று டி மார்கன் கைக்குச் சென்றது. யார் எழுதியது, என்ன பட்டம் பெற்றவர் என்று அவர் ஆராயவில்லை, கணக்கைப் பார்த்தார். கம்பெனியாரிடம் வற்புறுத்தி, நீண்ட முன்னுரையும் தாமே எழுதி, 1859-இல் இலண்டனில் அந்நூலை மறுபதிப்புச் செய்வித்தார். இந்தியர் தம் பழைய இயற்கணித அறிவிலிருந்தே முளைத்தெழ வேண்டும் என்று அம்முன்னுரையில் வாதிட்டார். சிப்பாய்க் கலகத்தின் புகை அடங்காத வேளையில் ஓர் ஆங்கிலேயர் இவ்வாறு எழுதினார் என்பதை நினைவிற் கொள்க.

தம்மைத் தேடிவந்த சிறப்புகளை அவர் ஏற்றதில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளிக்க முன்வந்தது, வேண்டாவென்றார். ராயல் சொசைட்டியில் உறுப்பினராக முயலவேயில்லை. ஆனால் வானியற் கழகத்தில் பல ஆண்டுகள் ஊதியமின்றிச் செயலாளராக உழைத்தார். செயலாளர் பணி எத்தகையது என்பதை நம் சங்கத்தார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. 1865-இல் அவர் மகன் ஜார்ஜும் நண்பர் ஒருவரும் தொடங்கிய இலண்டன் கணிதக் கழகத்திற்கு முதல் தலைவராக மட்டும் இசைந்தார்.

முடிவு துன்பமானது. 1866-இல் கல்லூரியின் மனநூல், தருக்கவியல் பேராசிரியர் பதவிக்கு ஜேம்ஸ் மார்ட்டினோ என்னும் அறிஞர் விண்ணப்பித்தார். அவர் யூனிட்டேரியன் சமயப் போதகர் என்பதால் குழுவினர் ஏற்க மறுத்தனர். சமயம் பாராத கல்லூரி என்று நம்பி டி மார்கன் தம் வாழ்நாளை ஈந்த இடம் அது. அறுபது வயது, மனைவி மக்கள் உண்டு, கையிருப்புச் சொற்பம். இரண்டாம் முறையும் பதவியைத் துறந்தார். இளமையில் ஒரு கையொப்பத்தை மறுத்தவர் முதுமையில் ஊதியத்தை மறுத்தார். அவர் செயல் குடும்பத்தின் மீது சுமத்திய சுமையை யாம் எண்ணாமலில்லை. மனைவியார் சோபியா அதனைக் குறை கூறியதாகத் தெரியவில்லை. அவ்வம்மையின் தந்தை வில்லியம் பிரெண்டும் சமயக் கருத்துக்காகக் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியேற்றப்பட்டவரே. பழைய மாணவர்கள் அவர் உருவச்சிலையைக் கல்லூரியில் வைக்க விரும்பினர். தாம் பணியாற்றிய கல்லூரி இப்போது இல்லை என்று கூறி அவர் இசையவில்லை.

1867-இல் மகன் ஜார்ஜ் இறந்தான். 1870-இல் மகள் ஒருத்தியும் இறந்தாள். 1871 மார்ச்சு 18-ஆம் நாள் டி மார்கன் மறைந்தார். மூன்று திங்கள் செல்வதற்குள், அவ்வாண்டு சூன் திங்களில், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டத்திற்கும் பதவிக்கும் சமயக் கையொப்பம் வேண்டுவதில்லை என்று ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று.

பழைய கணித நூல்களைத் தேடித் தேடி வாங்குவது அவர் வாழ்வின் ஒரே செலவு. ஏறத்தாழ 3,000 நூல்கள் இருந்தன. ஓவர்ஸ்டோன் பிரபு அவற்றை விலைக்கு வாங்கி இலண்டன் பல்கலைக்கழக நூலகத்திற்கு அளித்தார். பக்க ஓரங்களில் டி மார்கன் தம் கைப்பட எழுதிய குறிப்புகளோடு அவை இன்றும் அங்கே உள்ளன.